சாக்ஸுக்குள் இருந்த பேய்

ஊரே நடப்பதென்று முடிவு செய்துவிட்டது. ஆனால் நடக்கவில்லை. நடக்கவைக்கிறவரைப் பார்க்க வரிசையில் நின்றது. வரிசை மாடிப்படியில் தொடங்கி, சைக்கிள் கடையைச் சுற்றிக்கொண்டு, தெருமுனை வரை நீண்டிருந்தது. அங்கே நின்ற நேரத்துக்கு நடந்திருந்தால் பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டே திரும்பியிருக்கலாம். அதை யார் சொல்வது? சொன்னால் யார் கேட்பது?

மேல்மாடியில் இருந்தவர் சுறுசுறுப்பு மாஸ்டர். வெள்ளை டிராக் சூட், கழுத்தில் விசில், இப்போதுதான் ஓடி முடித்ததுபோல் முகத்தில் ஒரு பளபளப்பு. எண்ணெய் தடவினாலும் அப்படித்தான் பளபளக்கும்.

"நல்ல பழக்கம் ஏன் நாலே நாள்ல நின்னுபோகுது? உங்க மேல தப்பே இல்ல!" என்பார் மாஸ்டர். அந்த ஒரு வார்த்தைக்காகவே பாதிக் கூட்டம் வந்தது. "உள்ள சோம்பல் பேய் இருக்கு. தலையில பொறந்து கால்ல குடியிருக்கு. கால்லேர்ந்து சாக்ஸுல இறங்கும். சாக்ஸைக் கொண்டாங்க, பேயை நான் எடுக்கறேன்!"

சாக்ஸைக் காகிதப் பையில் மூடித்தான் கொண்டுவர வேண்டும். திறந்தால் பேய் பறந்துவிடுமாம். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, பைக்குள் கைவிட்டு, மடித்து வைத்த ஒரு துண்டில் சாக்ஸைச் சுற்றி, கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் முக்குவார். தெளிந்த தண்ணீர் கன்னங்கரேலென்று ஆகும். கூட்டம் "ஆ!" என்னும். பேய் போயிற்று. காணிக்கையும் போயிற்று.

அந்த வரிசையில் பிழைதிருத்துபவர் ஒருவரும் நின்றார். அச்சகத்தில் வேலை. அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணில் குத்தும். தன் இடுப்பு பெருத்தது மட்டும் கண்ணில் படாது. சர்க்கரை வியாதிக்காரர். "கால் கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பிச்சிருக்கு சார். தினம் நடங்க. விளையாட்டா எடுத்துக்காதீங்க" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

பயந்துபோய்ப் புது ஷூ வாங்கினார். முதல் வாரம் பூங்காவையே தேய்த்துவிடுவதுபோல் நடந்தார். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் மழை இல்லை, ஆனால் வரும்போல் இருந்தது. பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவார். முனை பேக்கரியில் உட்காருவார். வியர்வைக்குப் பதிலாக முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வீடு திரும்புவார். மீசையில் கேக் துணுக்கு ஒட்டிய வியர்வையை அவர் மனைவி என்றைக்கோ கவனித்துவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். பார்வையில் கோளாறு என்றால் அவளுக்குத் தெரியாமல் போகுமா?

மாஸ்டரிடம் போய்வந்த மறுநாள் பிழைதிருத்துபவர் துள்ளி எழுந்தார். அதற்கு மறுநாளும் துள்ளினார். பிறகு பழையபடி போர்வை. மாஸ்டரிடம் ஓடினார்.

"பேய் போயிடுச்சு. இப்ப அதோட தம்பி வந்திருக்கான். மறுபடியும் எடுக்கணும்" என்றார் மாஸ்டர்.

உற்சாகம் வடிவது மனித இயல்பு. அதை வைத்துக் கடை போட்டவர், வாடிக்கையாளருக்குப் பஞ்சமென்று எப்போதாவது கவலைப்படுவாரா?

இதற்கிடையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை ஏறியிருந்தது. மரமரப்பு பக்கத்து விரலுக்கும் பரவியிருந்தது.

"நடந்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"பேய்க்குத் தம்பி ஒருத்தன்..."

"தம்பி, தங்கச்சி, பெரியப்பா, சித்தப்பான்னு ஒரு குடும்பமே உங்க கால்ல வாடகையில்லாம குடியிருக்குபோல! ஏங்க, விடியறதுக்கு முன்னாடி எந்திரின்னு ஊருக்குச் சொல்றாரே, நமக்கு நேர் மேலதானே அவர் வீடு? மத்தியானம் வரைக்கும் கதவே திறக்கறதில்லையே?"

"உள்ளயே ஓடுவாரா இருக்கும்."

"குறட்டை கேக்குதே?"

"அது மூச்சுப் பயிற்சிடி."

"சரி, இந்த வாரம் நானும் வரேன்" என்றாள். மனைவிக்கும் பக்தி வந்துவிட்டது என்று அவர் பூரித்துப்போனார்.

அன்று கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஓய்வுபெற்ற நீதிபதி, அவர் பக்கத்தில் கல்லூரிப் பேராசிரியர். படிப்பு ஏறிய இடத்தில் பேய் ஏறாது என்று யார் சொன்னது? மனைவி தன் முறை வந்ததும் ஒரு காகிதப் பையை நீட்டினாள்.

"யாரோடதும்மா?"

"பக்கத்துலயே இருக்கறவர் சார். எந்திரிக்கவே மாட்டேங்கறார்."

மாஸ்டர் கண்ணை மூடினார். பைக்குள் கைவிட்டார். உடம்பு நடுங்கியது.

"ஐயோ! இவன் விடியலைப் பார்த்ததே இல்ல! உடம்பை வளைக்க மாட்டான். வாய் மட்டும்தான் ஓடும். ஊரான் உழைப்புல உக்காந்து திங்கறவன்!"

"அச்சு அசலா சொல்றீங்க சார்!" என்றாள் அவள்.

துண்டில் சுற்றினார். முக்கினார். தண்ணீர் மையாகக் கறுத்தது. "என் அனுபவத்துல இவ்வளவு பெரிய பேயைப் பார்த்ததில்ல!" கூட்டம் கைதட்டியது. பிழைதிருத்துபவரும்தான்.

மனைவி தான் கொண்டுவந்திருந்த இடுக்கியால் துண்டுக்குள்ளிருந்து சாக்ஸை வெளியே எடுத்தாள். வாத்துப் படம் போட்ட சாக்ஸ். வாத்தெல்லாம் இப்போது காக்கையாகியிருந்தன.

"சார், இதோட ஜோடி எங்க இருக்கு தெரியுமா? உங்க கொடியில. நேத்து அடிச்ச காத்துல இது மட்டும் எங்க வாசல்ல வந்து விழுந்துச்சு."

நீதிபதி எழுந்துபோய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கொடியில் ஒற்றைச் சாக்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் வாத்துகள், மறுக்கவே முடியாத சாட்சிகள்.

மாஸ்டர் அசைந்துகொடுக்கவில்லை. "ஆமா, என்னோடதுதான்! உங்க எல்லாரோட பேயையும் நான் ஒருத்தனே தாங்கறேன். அது என் கால்ல இறங்காம வேற எங்க இறங்கும்?"

"தியாகி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் தழுதழுத்தது. நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு மாலை போட இவர்களைவிட்டால் ஆளில்லை.

மனைவி கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலைத் திறந்து, வேறு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள். மாஸ்டர் அடுத்த ஆளுக்காக மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்தாள்.

"அதைத் தொடாதே!" மாஸ்டர் விசிலே ஊதிவிட்டார்.

அதற்குள் துண்டு தண்ணீரில் இருந்தது. சாக்ஸ் இல்லை, கால் இல்லை, சோம்பேறி இல்லை. தண்ணீர் கறுத்தது. மடிப்பிலிருந்து சாயப்பொடி குபுகுபுவென்று கரைந்து இறங்கியது.

"இது யாரோட பேய் சார்?" என்றாள்.

பிழைதிருத்துபவரின் கைகள் தட்டுகிற நிலையிலேயே நின்றுபோயின. பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தமக்கு முதலிலிருந்தே சந்தேகம்தான் என்றார். கூட்டம் எழுந்தது. மாஸ்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, சைக்கிள் கடையைக் கடந்து, தெருமுனையில் மறைந்தார். அவருடைய சுறுசுறுப்பை ஊர் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் பிழைதிருத்துபவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். "நான் பேக்கரிக்குத்தான் போயிட்டிருந்தேன்" என்றார்.

"தெரியும்."

"நடக்கணும்னு ஆசையே வரமாட்டேங்குதே. நான் என்ன பண்றது?"

"பல்லு தேய்க்கணும்னு தினம் ஆசை வருதா?"

"அது எப்படி வரும்?"

"வராமலேதானே தேய்க்கறீங்க? வேலை முடிஞ்சு வரும்போது பூங்கா ஸ்டாப்லயே இறங்கிடுங்க. வீட்டுக்கு வந்துதானே ஆகணும்? கால் தன்னால நடக்கும். ஒருநாள் மறந்துட்டா பேயைத் தேடாதீங்க. மறுநாள் இறங்குங்க."

இறங்கினார். முதல் நாள் பேருந்து அவரை விட்டுவிட்டுப் போனபோது அழுகையே வந்தது. சில நாள் தூங்கிப்போய் வீட்டு ஸ்டாப்பில்தான் விழித்தார். மறுநாள் ஒழுங்காக இறங்கினார். உற்சாகம் வரவே இல்லை. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. கால் விரல்கள் சரியாகிவிடவில்லை. ஆனால் மரமரப்பு மேற்கொண்டு பரவவில்லை. "இப்படியே விடாம போங்க சார்" என்றார் டாக்டரம்மா.

ஒருநாள் மாலை நடந்து வரும்போது, வேறொரு வீட்டு வாசலில் புதிதாக ஒரு வரிசை. மனவுறுதித் தலையணையாம். தலை வைத்துப் படுத்தால் போதுமாம். முன்னால் நின்ற நீதிபதி கையாட்டினார்.

"என்ன சார், நடந்தா போறீங்க? பேய் போயிடுச்சா?"

"எங்கங்க போச்சு? கூடத்தான் வருது" என்றார் பிழைதிருத்துபவர், நிற்காமல். "நான் நடக்கறேன். அதுவும் நடக்குது."

நீதிபதிக்குப் புரியவில்லை. தலையணை வாங்கினால் புரியும் என்று நினைத்துக்கொண்டார்.

யோசிப்பதற்கு மாஸ்டர் வேண்டாம், காணிக்கை வேண்டாம், வரிசையில் நிற்கவும் வேண்டாம். அதனால்தானோ என்னவோ, அந்த யோசனைக் கடைப் பக்கம் ஒரு ஈ காக்கையைக் காணோம்.