புள்ளி வைத்த பந்து

கைதட்டலை நான் நம்புவதில்லை. இது ஒரு வியாதி என்று என் மனைவி கயல்விழி சொல்வாள். மகள் பள்ளி ஆண்டுவிழாவில் பாடி முடித்ததும் எல்லாப் பெற்றோரும் தட்டுவார்கள். நான் மட்டும் பின்னால் திரும்பி, யார் தட்டுகிறார்கள், எதற்குத் தட்டுகிறார்கள், முகத்தில் வேறு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். (பாட்டு என்ன பாட்டு என்று கேட்டால் தெரியாது.) இந்த வியாதி எனக்கு அரியலூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், சுமார் இருபது பேர் முன்னிலையில் தொற்றியது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒப்பந்த வேலை. கயலுக்குப் பெரம்பலூரில் கல்லூரி வேலை என்பதால் குடித்தனம் அங்கே. தினமும் பஸ். சாயங்காலம் இறங்கும்போது தலையெல்லாம் சுண்ணாம்புக்கல் தூசி படிந்து, அறுபதைத் தாண்டியவன் மாதிரி இருப்பேன்.

எங்களுடையது காதல் கல்யாணம். அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற கயலின் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அரியலூர் வீட்டுக்கு வந்துபோகலாம் என்று தகவல் அனுப்பினார். போனோம். காபி வந்தது. கயல் அம்மாவோடு சமையலறைக்குள் போய்விட, கூடத்தில் நானும் மாமாவும் மின்விசிறியும் மட்டும். சொந்த ஊர், படிப்பு, வேலை எதைக் கேட்டாலும் வம்பில் முடியும் என்று அவருக்கும் தெரியும். கடைசியில் அவர் கேட்டது, பில்லியர்ட்ஸ் ஆடுவீர்களா என்று.

ஆடுவேன். திருச்சியில் படித்தபோது நண்பனின் அப்பா உறுப்பினராக இருந்த கிளப்பில் மூன்று வருஷம் வகுப்புக்குப் போகாமல் கற்றுக்கொண்ட ஒரே கல்வி அது. மாமாவின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. முப்பது வருஷமாக அவர் அந்த ஊர் கிளப் உறுப்பினர். அடுத்த ஞாயிறு என்னைத் தன் விருந்தாளியாகக் கூட்டிப்போனார்.

அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பச்சைத் துணி விரித்த பெரிய மேஜை, ஆறு குழி, மூன்றே பந்து. ஒன்று சிவப்பு. மற்ற இரண்டும் வெள்ளை, ஆளுக்கு ஒன்று. உங்கள் வெள்ளையைத்தான் நீங்கள் கோலால் அடிக்க வேண்டும். அது மற்ற இரண்டு பந்தையும் தொட்டால் இரண்டு புள்ளி. சிவப்பைக் குழிக்குள் தள்ளினால் மூன்று. புள்ளி விழுகிறவரை நீங்களே தொடர்ந்து ஆடலாம். அடையாளத்துக்காக ஒரு வெள்ளையின் மேல் கறுப்பாக ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பார்கள். இப்போதெல்லாம் அந்தப் பந்தை மஞ்சளாகவே செய்துவிடுகிறார்கள் (என்னை மாதிரி ஆட்களை உத்தேசித்துத்தான் இருக்கும்). எங்கள் கிளப் பந்துகள் ரொம்பப் பழசு. தேய்ந்து தேய்ந்து அந்தப் புள்ளி ஒரு கடுகளவுதான் மிச்சம்.

மூன்று மாதம் ஆடியபின் மாமாவே உறுப்பினர் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். கிளப் செயலாளர் வக்கீல் ராமலிங்கம் அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, அன்பாகக் கேட்டார்.

"சொந்த ஊரு கீழப்பழுவூருங்களா. கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

சொன்னேன். ஓகோ என்றார். விண்ணப்பத்தை நான்காக மடித்தார். அதன்பிறகு அந்த விண்ணப்பம் எட்டு மாதம் 'கமிட்டியில்' இருந்தது. கமிட்டி மாதாமாதம் கூடி, டீ குடித்து, கலைந்தது.

அந்தச் சமயத்தில்தான் கிளப்பில் பில்லியர்ட்ஸ் போட்டி அறிவித்தார்கள். ஆள் போதாததால் விருந்தாளிகளும் ஆடலாம் என்றார்கள். ஜெயிப்பவர் திருச்சியில் நடக்கும் போட்டிக்குக் கிளப் சார்பில் போவார். உறுப்பினராக இல்லாதவரை அப்படி அனுப்ப முடியாது. கப்பை வாங்கிவிட்டால் என்னை உறுப்பினராக்குவதைத் தவிர கமிட்டிக்கு வேறு வழியில்லை என்று மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்காக ஒருவர் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார் என்பதே எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. அந்தக் குரல் வேறு காரணங்களுக்காகவும் தாழும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டேன். எதிராளி வக்கீல் ராமலிங்கம். ஐந்து வருஷமாக அவர்தான் சாம்பியன். கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ கட்டாயம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. என்னிடம் ஷூ கிடையாது. ஆலையில் கூட வேலை பார்ப்பவரிடம் இரவல் வாங்கினேன். இரண்டு சைஸ் பெரிசு. முன்னால் காகிதம் திணித்துக்கொண்டேன். மேஜையைச் சுற்றி நான் நடந்தபோது சரக் சரக் என்று யாரோ பொட்டலம் பிரிக்கிற மாதிரி சத்தம் கேட்டது.

முதலில் நூறு புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. நடுவராகவும் புள்ளி எழுதுபவராகவும் இருந்தவர் தங்கவேல் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கரும்பலகையும் சாக்பீஸுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மாமா. என்னுடையது புள்ளி இல்லாத வெள்ளை. வக்கீலுடையது புள்ளி வைத்த வெள்ளை. வக்கீல் எழுபத்தொன்று, நான் ஐம்பத்து நான்கு என்று இருந்தபோது அவர் ஒரு அடியைத் தவறவிட்டார். அடுத்து என் முறை. அந்த நேரம் பார்த்து டீயும் மெதுவடையும் வந்தன.

அந்த வடையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சாப்பிட்டு, கையைத் துடைத்து, திரும்பி வந்து மேஜையைப் பார்த்தேன். இரண்டு வெள்ளையும் ஒரு முழ இடைவெளியில் கிடந்தன. ஒன்று எனக்கு வாகாக நின்றது. குனிந்தேன், அடித்தேன். அது சிவப்பைத் தொட்டு, மற்ற வெள்ளையையும் தொட்டது. இரண்டு புள்ளி.

வக்கீல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் கைதட்டல் அவருடையதுதான். எவ்வளவு பெருந்தன்மையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

வாழ்நாளில் ஒரே மூச்சில் இருபது புள்ளியை நான் தாண்டியதில்லை. அன்று தாண்டினேன். பந்துகள் நான் சொன்ன இடத்துக்குப் போயின. நான் சொல்லாதபோதும் நல்ல இடத்துக்கே போயின. இருபத்தைந்து ஆனபோது அறையில் எல்லோரும் தட்ட ஆரம்பித்தார்கள். முப்பதில் யாரோ சிரித்தார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். நாற்பதில் ஒருவர் எழுந்து நின்று, ஆடுங்க தம்பி, ஆடுங்க என்றார். எட்டு மாதமாக வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைத்தவர் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (கலங்காத கண்ணிலேயே புள்ளி தெரியவில்லை, கலங்கிய பிறகு என்ன தெரியும்.)

தொண்ணூற்றேழு. சிவப்பு குழி வாயில் நின்றது. தள்ளினேன். நூறு.

கோலைத் தூக்கினேன். அறை அதிர்ந்தது. அப்போதாவது சும்மா நின்றிருக்கலாம். விதி யாரை விட்டது. மாமா கல்யாணத்துக்கு வராததால் அவரிடம் நாங்கள் ஆசீர்வாதம் வாங்கியதே இல்லை. அது ஞாபகம் வந்தது. பொட்டலச் சத்தத்தோடு ஓடிப்போய், அத்தனை பேர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தேன். விழுந்த வேகத்தில் ஒரு ஷூ கழன்று நாற்காலிக்கு அடியில் போய்விட்டது.

தலையில் கை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாமா கால்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். மேலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"எந்திரிங்க. ஆட்டம் இன்னும் முடியல."

நான் எழுந்திருப்பதற்குள் வக்கீல் மென்மையாகச் சொன்னார்.

"தம்பி, நீங்க அடிச்ச பந்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்களேன்."

ஒரு காலில் ஷூவோடு போய்ப் பந்தை எடுத்துத் திருப்பினேன். கடுகளவு கறுப்புப் புள்ளி. நாற்பத்தாறு புள்ளியையும் நான் அவருடைய பந்தில் எடுத்திருந்தேன்.

இந்த முறை சிரிப்பைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ள வழியில்லை. தங்கவேல் சார் செயலாளரின் முகத்தைப் பார்த்தார். செயலாளர் தலையசைத்தார். சார் டஸ்டரை எடுத்து நூறை அழித்து ஐம்பத்து நான்கு என்று எழுதினார். அபராதமாக வக்கீலுக்கு இரண்டு சேர்த்தார். அதற்கப்புறம் நான் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு அடிக்கு முன்னும் பந்தைக் குனிந்து உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு முறை குனிந்தபோதும் சிரித்தார்கள். நான்கு புள்ளி எடுத்தேன். வக்கீல் ஆறாவது முறையாகச் சாம்பியன் ஆனார்.

மாமா தன் ஸ்கூட்டரில் என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். இறங்கிய பிறகு நான்தான் கேட்டேன்.

"மாமா, நீங்க எப்பப் பாத்தீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. "மொத அடியிலயே பாத்துட்டேன்" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பெரம்பலூர் பஸ் கிளம்புகிற சத்தத்தில் கொஞ்சம் தயங்கினார். "சொன்னா ஒங்களுக்காகப் பேசுறேன்னு நெனைப்பாங்க. முப்பது வருசமா அங்க ஒக்காந்திருக்கேங்க நான்" என்றார்.

பஸ்ஸில் அந்தக் கடைசி வாக்கியத்தை நூறு முறை திருப்பிப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் நான் அதற்குள் இல்லை. வீட்டுக்கு வந்து கயலிடம் சொன்னேன். காலில் விழுந்தது வரைக்கும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பஸ் ஸ்டாண்டு பேச்சைச் சொன்னதும் நிறுத்திவிட்டாள். அந்தப் பொங்கலுக்கு நாங்கள் அரியலூர் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

சில மாதம் கழித்து ஆட்ட விதிகளைத் தேடிப் படித்தேன். (முன்பே படித்திருக்க வேண்டியவன்.) தவறான பந்தை ஒருவர் அடித்தால், அவர் அடுத்த அடி அடிப்பதற்குள் நடுவரோ எதிராளியோ சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் தவறு மன்னிக்கப்பட்டதாக அர்த்தம். அதாவது, கடைசி அடியின் மூன்று புள்ளியைத் தவிர வேறு எதையும் என்னிடமிருந்து பறித்திருக்க முடியாது. நான் தொண்ணூற்றேழில் இருந்திருக்க வேண்டியவன். அச்செடுத்துக்கொண்டு தங்கவேல் சார் வீட்டுக்குப் போனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். அந்த விதி தனக்குத் தெரியாது, செயலாளர் தலையசைத்ததால் அழித்தேன் என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். வக்கீலுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் வக்கீலாச்சே தம்பி என்றார். என் விண்ணப்பம் இன்னும் கமிட்டியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மகள் பிறந்து பெயர் வைத்த அன்று மாமா வந்தார். பந்தியில் உறவுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே அந்தக் கதையை எடுத்துவிட்டார். பிரமாதமாகச் சொன்னார். ஷூ சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். இலையில் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தவர் சிரிப்பில் பக்கத்து இலையில் ஊற்றிவிட்டார். அந்தக் கதையில்தான் முதன்முதலாக என்னை "எங்க மாப்ள" என்று சொன்னார்.

அன்று பிடித்துக்கொண்டது அந்தக் கேலி. இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும், மாப்ள அது ஒங்க எலதானா பாத்து ஒக்காருங்க என்பார்கள். மண்டப வாசலில் செருப்பு மாட்டினால், திருப்பிப் பாத்துப் போடுங்க என்பார்கள். பத்து வயது மகளும், அப்பா அது ஒன் பைக்குதானா என்கிறாள். நானும் சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் குடும்பத்தில் இல்லை என்று ஆகிவிடும்.

ஆனால் மாமா சொல்லும் கதையில் ஒரு சின்ன மாற்றம் உண்டு. நான் காலில் விழுவது தங்கவேல் சார் காலில். போன மாதம் உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணம். அங்கேயும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சும்மா இல்லாமல், நீங்க இருந்தீங்கள்ல, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்றார்.

"நான் எங்க இருந்தேன்? வெளிய டீ குடிச்சிட்டிருந்தேன். உள்ள வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றார் மாமா.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பெரியவரும் பார்த்தார். இலையின் அந்தப் பக்கத்திலிருந்து கயலும் பார்த்தாள்.

"ஆமாங்க, மாமா அப்ப வெளியதான் இருந்தாங்க" என்றேன்.