அலமாரியில் இருந்த அடாப்டர்

என் நாட்குறிப்பில் நான் பொய் எழுதியது ஒரே ஒரு நாள்தான். கல்யாணியின் வாய்மொழித் தேர்வு நடந்த அன்று, 'சிறு தொழில்நுட்பத் தடங்கல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தடங்கல் நான்தான்.

கல்யாணி என் மனைவி, பள்ளி ஆசிரியை. யமுனைக் கரையில் கீரை பயிரிடுபவர்களைப் பற்றி ஏழு வருடம் அலைந்து ஆராய்ந்து, முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்திருந்தாள். கடைசிப் படியான வாய்மொழித் தேர்வு இணையவழி என்று தெரிந்ததும், டெல்லியில் எங்கள் மயூர் விஹார் வீட்டின் தொழில்நுட்பப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை.)

மடிக்கணினியில் வேலை செய்கிற யூஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. வெளிக் கேமரா, மைக், மவுஸ், மேஜை விளக்கு, வரைபடங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் என்று ஐந்தைச் செருக வேண்டும். ஏழு துளைகள் கொண்ட ஹப் ஒன்று வாங்கினேன். கூடவே, சுவர் பிளக்கில் மாட்டும் அடாப்டர் ஒன்றும் வந்தது. அதன் ஒயர் மேஜையின் ஒழுங்கைக் கெடுத்தது. அது இல்லாமலே ஹப்பில் நீல விளக்கு எரிந்ததால், அடாப்டரை உறையில் போட்டு, 'உபரி' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தேன். பிறகு ஐந்தையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து டிக் அடித்தேன். (ஒன்றாகச் செருகிப் பார்ப்பது என் பட்டியலில் இல்லை.)

தேர்வாளர்கள் மூவர் திரையில் வந்தார்கள். முதல் கேள்விக்குக் கல்யாணி வரைபடத்தைத் திறந்தாள். ஹார்ட் டிஸ்க் சுழன்றது. கேமராவும் மைக்கும் அணைந்தன. நான் தவழ்ந்து போய் எல்லாவற்றையும் கழற்றி, வரிசை மாறாமல் மறுபடி செருகினேன். அடுத்த வரைபடத்திலும் அதே கதை. நானா விடுவேன்? ஐந்தாம் முறை நிமிர்ந்தபோது கேமரா வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக நான்.

மூத்த தேர்வாளர், வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார். வேறொரு நாள் என்றால் இன்னும் எத்தனை மாதமோ. இரண்டே நிமிடம் தரும்படி கேட்டுக்கொண்டு, கல்யாணி என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அந்தப் பெட்டிய எடுத்துக்கிட்டு வெளிய போங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவ..."

"போங்க."

ஹார்ட் டிஸ்க்கை நேராக மடிக்கணினியில் செருகினாள். அதிலேயே இருந்த கேமராவும் மைக்கும் போதுமானதாக இருந்தன. கதவு மூடியது.

கூடத்தில் என் மகள் நித்யா ஹப்பைத் திருப்பிப் பார்த்தாள். "இதோட அடாப்டர் எங்கப்பா?"

"அலமாரில. லேபிள் ஒட்டி வச்சிருக்கேன்."

"அச்சா. அது இல்லாம இதுக்குச் சொந்தமா கரண்ட்டே கிடையாது. அஞ்சும் லேப்டாப்போட ஒரே போர்ட்லேர்ந்து இழுத்திருக்கு. கீழ் வீட்டு அங்கிள் மோட்டார் போட்டா நம்ம குழாய்ல காத்து வருதுல்ல? பில்குல் அதேதான்."

நாற்பத்திரண்டு நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது, நான் அடாப்டரும் கையுமாக வாசலில் தயாராக நின்றிருந்தேன். டாக்டர் கல்யாணி என்னைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

சென்ற வருடம் அந்த ஆய்வு தமிழில் புத்தகமாக வந்தது. நன்றியுரையில் வழிகாட்டிக்கும் கீரை விவசாயிகளுக்கும் அடுத்து, கடைசி வரி: 'சரியான நேரத்தில் அறையை விட்டு வெளியேறிய என் கணவருக்கு.' தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் நித்யா. விருந்தாளி யார் வந்தாலும் அந்த வரியை மட்டும் தடுமாறாமல் வாசித்துக் காட்டுகிறாள்.