காற்றடிக்கத் தேவையில்லாத ரயர்

அன்புள்ள தம்பி ஜெயரூபனுக்கு,

மானிப்பாயிலிருந்து அக்கா எழுதுவது. பிள்ளையாரின் காவலில் நான் சுகம், ஆடும் குட்டியும் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் மச்சாளும் பிள்ளைகளும் குளிர் பிடிக்காமல் இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் சிரிப்பாய், அதனால்தான் கடிதம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய காற்றில்லாத சைக்கிள் ரயர் இரண்டும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. "அத்தான் இல்லையெண்டு யோசியாதேங்கோ அக்கா, இனிக் காத்தடிக்க ஒருத்தரும் தேவையில்லை" என்று நீ சொன்னபோது எனக்கு அழுகையும் வந்தது, சந்தோசமும் வந்தது. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி ரயர் முழுக்க ஓட்டையாக இருந்ததைப் பார்த்து, உன்ரை தம்பி எலி கடிச்சதை அனுப்பிப்போட்டான் என்றாள்.

பூட்டுவதற்குச் சைக்கிள் திருத்தும் செபமாலை அண்ணை வீட்டுக்கே வந்தார். முன்சில்லில் இருந்தது, அத்தான் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று விடிய எனக்கென்று அடித்துவிட்ட காற்று. கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது, ஆனாலும் நான் மேலே அடிக்காமல் அதோடேயே ஓடித்திரிந்தேன். "கழட்டட்டோ தங்கச்சி?" என்று அண்ணை கேட்டார். ஓம் என்றேன். வால்விலிருந்து வந்த காற்று கையில் பட்டது. மற்றக் காற்றுப் போலத்தான் இருந்தது. அழுவதற்கும் நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் புது ரயர் றிம்மில் ஏறவே மாட்டேன் என்று நின்றது. சுடுதண்ணிக்குள் போட்டால் இளகும் என்று அண்ணை சொல்ல, நான் நெல் அவிக்கிற கிடாரத்தை அடுப்பில் ஏற்ற, குணலட்சுமி வேலிக்கு மேலால் எட்டி என்ன சமையல் என்று கேட்க, ரயர் அவிக்கிறன் என்று நான் சொல்ல, பாவம் மனிசன் போன கவலையில் இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று அவள் தன் தங்கச்சிக்குப் போன் எடுக்க, தங்கச்சி வாழைப்பழச் சீப்போடு ஓடிவந்து, கடைசியில் நாலு பேருமாகப் பிடித்து இழுத்துத்தான் அது ஏறியது. இனி எனக்கு எதற்கு என்று அத்தானுடைய பெரிய பம்பை அண்ணையிடமே கொடுத்துவிட்டேன்.

ரயர் திறமான ரயர், குறை சொல்லமாட்டேன். நெருஞ்சி முள்ளு, ஆணி, உடைந்த போத்தல் ஒன்றும் அதுக்கு உறைக்காது. தார் றோட்டில் பரவாயில்லை, எங்கடை மண் ஒழுங்கைக்குள் இறங்கினால்தான் என்ரை எலும்பெல்லாம் தனித்தனியாகக் கதைக்கும். சந்தைக்குக் கட்டிக்கொண்டுபோன முட்டை கூழாகப் போய்ச் சேர்ந்தது. ஓட்டைக்குள் கல்லுப் போய் டக்குடக்கென்று சத்தம் போடுவதால் நான் வருவது நாய்களுக்கு முதலே தெரிந்து, சந்தியில் வந்து நிற்குதுகள். வீட்டுக்கு வந்ததும் ஈர்க்கால் குத்திச் செம்மண் எடுக்கவேணும், குழந்தைக்குப் பல்லுத் தீட்டிவிடுகிற மாதிரி.

இதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயம் கனகசபாபதி மாஸ்டருடையது. விடிந்தால் ஒழுங்கைச் சனம் எங்கள் முற்றத்தில்தான் காற்றடிக்கும், உனக்குத் தெரியும். அத்தான் போன பிறகும் வந்தார்கள். மாஸ்டர் மட்டும் முழுவியளம் பார்க்கிறவர். வெளிக்கிடும்போது தாலி இல்லாத என் முகத்தில் முழித்தால் போன காரியம் சரிவராது என்று, வாசல் படலையில் நின்று பெல் அடிப்பார். நான் குசினிக்குள் போய் நிற்பேன். அவர் அடித்துவிட்டுப் போன பிறகு வெளியே வருவேன். கெட்ட மனிதரில்லை, பயந்த மனிதர். பம்பைக் கொடுத்த பிறகு படலை திறக்கவேயில்லை. வருகிறவர்களுக்கு ஊற்றுகிற பழக்கத்தில் தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு, ஆருக்கு ஊற்றினேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளி பெல் கேட்டது. உள்ளே போனேன். காற்றடிக்கிற சத்தத்தைக் காணவில்லை. "பிள்ளை, பம்ப் எங்கை?" என்று மாஸ்டர் சுவரைப் பார்த்துக் கேட்டார். மகள் சாருஜாவின் சம்பந்தம் பேசச் சண்டிலிப்பாய்க்குப் போகவேணும், ராகுகாலம் தொடங்கப்போகிறது, அவருடைய பின்சில்லு காற்றுப் போய்ச் சப்பை. நான் என் சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய், "இதிலை போங்கோ மாஸ்டர், இதுக்குக் காத்து வேண்டாம்" என்றேன். மனிசன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஹாண்டிலை வாங்கி, மூடின கண்ணோடேயே ஏறி உழக்கி, படலையில் அடிபட்டுச் செம்பரத்தைக்குள் விழுந்தார். தூக்கி நிமிர்த்தினது நான்தான். கண்ணைத் திறந்து என் முகத்தை முழுசாகப் பார்த்தார். "சரி, பாத்தாச்சு" என்றுவிட்டுப் போனார்.

அந்தச் சம்பந்தம் குழம்பினால் ஊர் என்னைத்தான் சொல்லும், பிறகு படலை ஒருநாளும் திறக்காது. பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டுக் குந்தியிருந்தேன்.

மத்தியானம் மாஸ்டர் காலை அகட்டி அகட்டிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கதிரை போட்டேன், இருக்கமாட்டேன் என்றார். மாப்பிள்ளையின் தகப்பனுக்குச் சைக்கிள் என்றால் விசராம். ரயரைக் குனிந்து பார்த்தவர், ஓட்டைக்குள் விரலை விட்டு விட்டு அதைப் பற்றியே கதைத்தாராம், சாதகக் குறிப்பை விரிக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லையாம். "ஓமெண்டிட்டினம் பிள்ளை. இனி நான் எங்கை வெளிக்கிட்டாலும் நீர் படலையிலை நிக்கவேணும்" என்றார். உப்பிடி ஒரு சோடி ரயர் தனக்கும் எடுத்துத் தரச் சொன்னார்.

ஆகவே மாஸ்டருக்கு ஒரு சோடி அனுப்பு. நான் என்னுடையதைச் சாகும்வரை கழற்றமாட்டேன். நீ போகிற வழியெல்லாம் பிள்ளையார் முன்னுக்கு நடக்கட்டும். மச்சாளைக் கேட்டதாகச் சொல்லு, பிள்ளைகளுக்கு என் கொஞ்சல்.

இப்படிக்கு,
உன் அக்கா தங்கமுத்து

பி.கு: கடிதத்தை ஒட்ட முதல் இன்னொன்று, கோவியாதே. நேற்றுச் செபமாலை அண்ணையைக் கூப்பிட்டு உன் ரயர் இரண்டையும் கழற்றிப்போட்டேன். பழையதை எறியாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. உன் ரயருக்குள் இப்போது ஆட்டுக்குட்டி படுக்கிறது. பம்பைத் திருப்பி வாங்கி முற்றத்தில் வைத்திருக்கிறேன். ரயரில் ஒரு பிழையும் இல்லை தம்பி. காற்றடிக்க ஒருத்தரும் தேவையில்லை என்றாயே, அதுதான் பிழை. இன்று விடிய ஆரோ மாறி ஆரோ படலையைத் திறந்துகொண்டே இருந்தார்கள். என் முன்சில்லுக்கு மாஸ்டர்தான் அடித்துத் தந்தார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவருக்கு ரயர் அனுப்பிப்போடாதே. கேட்டால், அந்தக் கொம்பனியைப் பூட்டிப்போட்டாங்கள் எண்டு சொல்லு.