வேட்டிக் குவியலுக்குள் ஒரு ரேடியோ

கையில் புதிதாக ஒரு சாமான் வந்துவிட்டால் மனுஷனுக்குப் புத்தி கொஞ்ச நாள் லீவில் போய்விடும். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு மாதம். எனக்கு அந்த லீவு வருஷக்கணக்கில் நீண்டது. (இன்னும் முழுசாக வேலைக்குத் திரும்பவில்லை என்பது என் மனைவி சுமதியின் கருத்து.)

சாமான் ஒரு வாக்கி டாக்கி. அப்படிச் சொன்னால் அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, முறைப்படி ஹாம் ரேடியோக்காரன், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் ஊர் ஊராய் ஆள் பிடித்துப் பேசுகிறவன், ஆனவன் நான். கஷ்டம் என்னவென்றால், காரைக்காலில் எனக்கு ரேடியோவில் பேச ஆளே இல்லை. என்னோடு பரீட்சை எழுதிய ரஃபீக் ஒருவன்தான் உண்டு. அவனோ ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை. பகலெல்லாம் நேரில் பேசிக் கழுத்தறுத்தவனிடம் சாயங்காலம் ரேடியோவில் என்னத்தைப் பேசுவது?

அதனால் நான் ஸ்கேனைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தால் போதும், ரேடியோ தானாகவே ஒவ்வொரு சேனலாகத் தாவித் தாவிப் பார்க்கும். எங்காவது பேச்சுக் கேட்டால் அங்கே சில விநாடி நின்று நமக்கும் கேட்கவிட்டு, மறுபடி கிளம்பிவிடும். எங்கள் பக்கம் யாரும் பேசாததால் அது எங்கேயும் நிற்கவில்லை. திரையில் எண்கள் ஓடுவதை நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ, கோவில்பத்து வீட்டிலிருந்து ஆபீசுக்கு வண்டியில் போகும்போது இடுப்பில் ரேடியோ.

“இந்த பஸ்ஸு எந்த ஊர்லயுமே நிக்காதா?” என்று சுமதி கேட்டாள்.

“ஒருநாள் நிக்கும், பாரு” என்றேன். நின்றது. நின்ற இடம்தான் கொஞ்சம் ஏடாகூடம்.

சுமதியின் அப்பாவுக்கு நெடுங்காட்டில் விவசாயம். மாமா தங்கமான மனுஷர். காதுதான் மந்தம். மெஷின் வைத்தால் எறும்பு ஊர்வதுகூடக் கேட்கும், எடுத்துவிட்டால் இடி இடித்தாலும் கேட்காது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, யார் எதைச் சொன்னாலும் புன்னகையோடு தலையாட்டிவிடுவார். இப்படித் தலையாட்டியே ஒருமுறை அறுவடை சமயத்தில் தன் டிராக்டரைப் பக்கத்து வயல்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதை ஊரெல்லாம் தேடியவர் அவர்.

சுமதியின் தங்கை கவிதா பேங்கில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஒரு வரன் கூடி வந்தது. பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. பையனின் பெரியப்பாதான் இடைஞ்சல். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் எதற்கு வேலைக்குப் போக வேண்டும் என்று ஜாடைமாடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் பேசி முடிக்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் சனிக்கிழமை, ஏழரைச் சனி விட்ட கையோடு திருநள்ளாறு போய்க் குளித்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கிளம்பும்போது கவிதா வாசல்வரை வந்தாள். “அத்தான், அப்பா காது மெஷினு பத்திரம். நாளைக்கு அது இல்லாம உக்காந்தாங்கன்னா, அந்தப் பெரியப்பா சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிடுவாங்க. அப்புறம் என் வேலை அம்புட்டுதான்.”

“நான் இருக்கேன்ல” என்றேன். இந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லி நான் ஏற்ற எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை. பாவம், அது அவளுக்கு அப்போது தெரியாது.

குளத்தங்கரையில் மாமா மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மாற்று வேட்டி, செல்போன் எல்லாம் இருந்த பையில் அதைப் போட்டிருக்கலாம். பையை யாராவது அடித்துக்கொண்டு போய்விட்டால்? உலகத்திலேயே நான் தொலைக்கவே மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த பொருள் ஒன்றுதான். மெஷினை ரேடியோ உறையின் பக்கத்துப் பாக்கெட்டில் வைத்து ஜிப்பைப் போட்டேன். ஸ்கேனை நிறுத்த மனம் வரவில்லை. (முங்கி எழும் நேரத்தில் யாராவது பேசிவிட்டால்?) அப்படியே என் பழைய துண்டில் சுற்றிப் படியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

திருநள்ளாற்றில் குளித்தவர்கள் உடுத்திக் குளித்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பீடை அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. நான் முங்கி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, மாமா புது வேட்டியில் பளிச்சென்று நின்றார். படியில் என் துண்டைக் காணோம்.

“ஒங்களுதையும் சேத்துப் போட்டுட்டேன் மாப்ள” என்றார் பாசத்தோடு. “நல்ல கனம் கனத்துச்சு. தோஷம் அம்புட்டு இருந்துருக்கு.”

“மாமா, அதுலதான் ஒங்க மெஷினு இருக்கு” என்று கத்தினேன். மாமா புன்னகையோடு தலையாட்டி, “ஆமா, சனிக்கிழமைல்ல, கூட்டம் இருக்கத்தான் செய்யும்” என்றார். நான் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். எனக்குக் காதில் தண்ணீர் போய்விட்டது என்று நினைத்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் எப்படிக் குதிக்க வேண்டும் என்று குதித்துக் காட்டினார். நான் குவியலைப் பார்க்கத் திரும்பினேன். அவர் என் தாடையைப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிட்டார்.

அவர் பிடியிலிருந்து நழுவி ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு ஈரத்துணி மலை. எல்லாமே வேட்டி, எல்லாமே துண்டு. குவியலைக் காத்துக்கொண்டு கையில் கம்போடு ஒரு துப்புரவுப் பணியாளர் அக்கா நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“தேடிக்குங்க சார். எல்லாம் அவுங்கவுங்க விட்டுட்டுப் போனது. யாரு பீடை ஒட்டிக்கிச்சுன்னு நாளைக்கு எங்கிட்ட வந்து கேக்கப்படாது. இந்தா, துணி ஏத்த டிராக்டரு வருது, சீக்கிரம்.”

டிராக்டர் வந்தேவிட்டது. அந்த மெஷின் மாமாவின் காதுக்கென்று அளவெடுத்துத் தஞ்சாவூரில் செய்தது. புதிதாகச் செய்ய மாதக்கணக்காகும். கவிதாவின் முகம் கண் முன்னால் வந்தது. அழுகை வராததற்குக் காரணம் பயம் முந்திக்கொண்டதுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: உள்ளே ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. பையிலிருந்து செல்போனை எடுத்து ரஃபீக்கைக் கூப்பிட்டேன். அவன் வீட்டு மொட்டை மாடியில் நல்ல உயரமான ஆன்டெனா உண்டு.

“ரஃபீக், உடனே ரேடியோவுல பேசு.”

“எந்த சேனல்ல?”

“எதுலயாச்சும் பேசு. ஸ்கேன் ஓடுது, தானா வந்து நிக்கும். நிறுத்தாமப் பேசிக்கிட்டே இரு.”

“என்னத்தப் பேச?”

“என்னையத் திட்டு.”

“அப்பன்னா சரி. அது கெடக்கு நெறைய.”

சற்று நேரத்தில் குவியலுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல், “விக்டர் யூனிஃபார்ம் த்ரீ” என்று ஆரம்பித்தது. (தலை போகிற நேரத்திலும் அழைப்புக்குறியை முறைப்படி சொல்லிவிட்டுத்தான் திட்டுவான்.) பக்கத்தில் நின்ற பெண்கள் நாலடி விலகினார்கள். நான் பாய்ந்தேன். அதற்குள் குரல் நின்றுவிட்டது. சில விநாடி நின்றதும் ஸ்கேன் அடுத்த சேனலுக்குக் கிளம்பிவிட்டது. ஆள் பேசி முடிக்கும்வரை அதே சேனலில் காத்திருக்கும்படியும் வைக்கலாம். எல்லாச் சேனலும் கேட்க வேண்டும் என்ற பேராசையில் நான்தான் இப்படி வைத்திருந்தேன். இனி அது ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்வரை தேவுடு காக்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் வேட்டியைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். குவியல் பேசியது: “எங்க போயிட்டப்பா? நான் பாட்டுக்கு இங்க தனியாப் பேசிக்கிட்டு இருக்கேன்.”

பெரியவர் அப்படியே நின்றார். “ஏனுங்க, என்ற வேட்டி பேசுதுங்க” என்றார் பக்கத்திலிருந்தவரிடம். அப்புறம் விறுவிறுவென்று படியிறங்கி, புது வேட்டியோடு குளத்தில் இன்னொரு முங்கு போட்டார். அவருக்கு நான் இன்றுவரை ஒரு புது வேட்டி கடன்பட்டிருக்கிறேன்.

டிராக்டர் சத்தத்தில் அடுத்த சுற்று காதில் விழவில்லை. கம்பு அக்காதான் காப்பாற்றினார். “யோவ், வண்டிய அமத்து. துணி பேசுது” என்றார் டிரைவரிடம், தினமும் நடக்கிற விஷயம் போல.

வண்டி அடங்கியது. கூட்டமும் அடங்கியது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். குரல் மறுபடி வந்தது, இந்த முறை என் முழங்காலுக்குக் கீழேயிருந்து. யாரோ ஒருவருடைய சட்டைக்கும் யாரோ ஒருவருடைய கைலிக்கும் நடுவில் கையை விட்டு என் துண்டை உருவினேன். ரேடியோ நனைந்திருந்தது. உறையின் பாக்கெட் நனையவில்லை. மெஷின் வைத்தது வைத்தபடி இருந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கம்பு அக்கா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

என்னைத் தேடிக்கொண்டு மாமா வந்தார். நான் மெஷினை நீட்டினேன். அவர் காதில் மாட்டிக்கொண்டு திருகிச் சரிபார்த்தார். நிறுத்தாமல் பேசிக்கொண்டே இரு என்று நான் சொன்னதை நம்பி, ரஃபீக் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான். ஸ்கேன் சரியாக அந்த நேரத்தில் வந்து நின்றது.

“ஒன் மாமனாருக்குக் காதுதானே மந்தம்? கண்ணு நல்லாத்தானே தெரியும்? ஒன்னையப் பாத்துட்டுமா பொண்ணு குடுத்தாரு?”

மாமா என்னைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். “நல்லாக் கேக்குது மாப்ள” என்றார். “யாரு இந்தத் தம்பி? ஞாயமாப் பேசுறாரு.”

நடந்ததையெல்லாம் சொல்லி, வீட்டில் மூச்சு விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மாமா தலையாட்டினார். காது கேட்டுத்தான் ஆட்டினார் என்பதால் நானும் நம்பினேன்.

மறுநாள் நெடுங்காட்டு வீட்டில் எல்லாம் சுமுகமாகப் போனது. காபி குடித்துக்கொண்டிருந்த பெரியப்பா, டம்ளரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி, குரலைத் தாழ்த்தி, “அப்ப கல்யாணத்தோட பொண்ணு வேலைய விட்டுடும்ல?” என்றார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே பாதிதான் கேட்டது. கதவுக்குப் பின்னால் கவிதாவின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

“கேக்குதுங்க” என்றார் மாமா. “நல்லாவே கேக்குது. எம்பொண்ணு வேலைய விடாதுங்க. அதுக்குச் சம்மதம்னா மேக்கொண்டு பேசுவோம்.”

பையன் உடனே, “எனக்கும் அதான் சரி மாமா” என்றான். பெரியப்பா மிச்சக் காபியைக் குடித்தார். உள்ளே போனபோது கவிதா கண் கலங்க, “மெஷினப் பத்திரமாப் பாத்துக்கிட்டதுக்குத் தேங்க்ஸ் அத்தான்” என்றாள். நான் கொஞ்சமும் கூசாமல், “இதுல என்ன இருக்கு” என்றேன்.

மாமா வாக்குத் தவறாதவர்தான். கல்யாணம் முடியும்வரை மூச்சு விடவில்லை. தாலி ஏறிய கையோடு, பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, புது மாப்பிள்ளைக்கு என்னை அறிமுகப்படுத்தினார். “இவங்கதான் ஒங்க சகலை. தங்கமான மனுஷன். இவங்ககிட்ட எந்தப் பொருளக் குடுத்தாலும், கூடவே ஒரு ரேடியோவையும் சேத்துக் குடுத்துடுங்க.” அப்புறம் முழுக்கதையையும் சொன்னார். இலையில் பாயசம் ஓடுவது தெரியாமல் பந்தியே சிரித்தது.

போன மாதம் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். துணியில் சுற்றிய குழந்தையை என் கையில் கொடுக்க வந்தவள், கொடுக்காமல் சற்று நிறுத்தினாள்.

“அத்தான், ரேடியோ கொண்டாந்திருக்கீங்கள்ல?”