தேன்மெழுகும் நான்கு பற்களும்

எங்கள் ஊர் ஓடைக்குப் பாலம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே என் வாய்க்குள் ஒரு பாலம் கட்டியாகிவிட்டது. அது ஒரே ஒரு டம்ளர் காப்பிக்கு இடிந்து விழுந்தது. இடித்தவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றில் எனக்குப் புதிதாக வாத்தியார் வேலை. ஆலங்காயத்திலிருந்து மேலே வந்த பஸ் ஒரு வளைவில் சடக்கென்று நிற்க, முன்சீட்டுக் கம்பி என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டை எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் முன்னால் 'பறவை' என்று சொல்ல முயன்றால் வாயிலிருந்து காற்றுதான் பறந்தது.

வேலூரில் ஒரு பல் டாக்டர், இடைவெளிக்கு இருபுறமும் இருந்த நல்ல பற்களை அராவிச் சிறிதாக்கினார். அவற்றின் மேல் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ள, நான்கு பற்கள் சேர்ந்த ஒரே துண்டைச் செய்வார்களாம். அதற்குப் பெயரே 'பிரிட்ஜ்', பாலம். நடு இரண்டும் அந்தரத்தில் நிற்கும். அசல் வருவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லி, அதுவரைக்கும் பிளாஸ்டிக்கில் ஒன்றை ஒட்டி அனுப்பினார். "கெட்டியா எதையும் கடிக்காதீங்க" என்று மூன்று முறை சொன்னார். (நான் வாத்தியார். மூன்று முறை சொன்னாலும் ஏறாத மண்டைகளைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்.)

அந்த இரண்டு வாரத்துக்குள் பெண் பார்க்கும் நாள் வந்தது. பக்கத்து மலையூர். பெண் பெயர் ராணி. சந்தையில் புளி மூட்டைமேல் உட்கார்ந்து வியாபாரியை அவள் மடக்கிக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்திருந்தேன். கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. என் பக்கத்தில் மட்டும்.

"பல்லு கதயெல்லாம் அங்க எடுக்காத. புள்ளைக்கி ஒரு கொறையும் இல்லன்னு சொல்லி வச்சிருக்கறேன்" என்றார் தாய்மாமா. பெண் வீட்டுக்கென்று அம்மா கொடுத்த தேன் பாட்டில் ஒரு பையில் இருந்தது. மூடி இல்லாத பாட்டில். வாயைத் தேன்மெழுகால் அடைத்திருந்தாள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. உள்ளே வறுத்த புளியங்கொட்டை. புளி காய்க்கும் வீட்டில் பிறந்தவனுக்கு இது வெற்றிலைப் பழக்கத்தைவிட மோசம். ஒன்றை எடுத்துக் கடித்தேன். கொட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் நான்கு பற்கள் கையில் இருந்தன.

வேலூர் போகப் பொழுதில்லை. எங்கள் வீட்டில் சுரைக்குடுக்கை விரிசல் விட்டாலும் குடம் ஒழுகினாலும் தேன்மெழுகுதான் மருந்து. மாமா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்த நேரத்தில், பாட்டில் வாயிலிருந்து மெழுகைக் கிள்ளி உருட்டி, பல்லுக்குள் அடைத்து, பழைய இடத்திலேயே வைத்து அழுத்தினேன். நின்றது! டாக்டர் தோற்றார் என்று நினைத்துக்கொண்டேன்.

ராணி வீட்டில் எல்லாம் நன்றாகவே போனது. அவளே வெல்லம் போட்ட வரக்காப்பி கொண்டுவந்தாள். அவளைப் பார்த்தபடியே, கொதிக்கக் கொதிக்க ஒரு வாய் குடித்தேன். மெழுகு சூட்டில் உருகும் என்பதை மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவன் நான். டம்ளருக்குள் 'டொப்' என்றது.

"எத்தினியாவது கிளாசுக்குப் பாடம் எடுக்கறீங்க?" என்று அவள் அப்பா கேட்டார்.

உதட்டை இறுக்கிக்கொண்டு மூன்று விரலைக் காட்டினேன்.

"பேச்சு கம்மிங்க. அடக்கமான புள்ள" என்றார் மாமா.

ராணி டம்ளர் வாங்க வந்தாள். நான் விடவில்லை. அவள் இழுத்தாள்.

"வுடுங்க, கழுவணும்."

கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். டம்ளரோடு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிமிடம் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

திரும்பி வந்தவள் கையில் ஒரு டம்ளர் தண்ணீர். அடியில் என் நான்கு பற்களும் பளிச்சென்று கிடந்தன. "இது உங்களதுங்களா?" என்று எல்லோருக்கும் நடுவில் நீட்டினாள்.

அவள் அப்பா டம்ளரைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். "பல்லு கட்னதுன்னு முன்னயே சொல்லியிருந்தா காப்பிய ஆத்திக் குடுத்திருப்போமேப்பா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? பஸ், டாக்டர், புளியங்கொட்டை எல்லாவற்றையும் காற்று போன வாயோடு சொன்னேன்.

"மெழுகு ஏது?" என்றாள் ராணி.

எல்லோர் கண்ணும் மாமா மடிமேல் இருந்த பைக்குப் போனது. தேன் அவர் வேட்டியெல்லாம் வழிந்து, தரையில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார், பாயும் கூடவே எழுந்தது. ராணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்பங்கரையிலிருந்து வந்த சிரிப்புச் சத்தம்தான் எனக்குக் கிடைத்த சம்மதம்.

கல்யாணத்துக்குப் பிறகு, எப்படி ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன். "டம்ளர வுடாம நடுங்கிக்கினு இருந்தீங்களே, இவ்ளோ பயப்படற ஆளு நம்மள இன்னா பண்ணிடப் போறாருன்னுதான்" என்றாள். அவள் கணக்குத் தப்பவில்லை.

அசல் பல் வேலூரில் கட்டி, இத்தனை வருடமாக அசையாமல் நிற்கிறது. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் சூடாகவும் எனக்கு மட்டும் ஆற்றியும்தான் காப்பி வரும். குடித்து முடித்ததும் ராணி டம்ளரை வாங்கி, இன்றைக்கும் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழுவப் போகிறாள்.