கரோல் பாக் அப்பள ஆய்வு

பசியோடு இருப்பவனை அடுத்தவர் சாப்பாட்டை விசாரிக்க அனுப்பக் கூடாது. மருத்துவ உலகம் இந்த உண்மையை என்னால்தான் கண்டுகொண்டது.

டெல்லிக்கு வந்த புதிதில், ரத்தக்கொதிப்பு யாருக்கு, ஏன் வருகிறது என்று ஆராயும் குழுவில் எனக்குத் தற்காலிக வேலை. கரோல் பாக்கின் தமிழ்க் குடும்பங்கள் என் பொறுப்பு. முதல் நாள் போய் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மறுநாள் போய், முந்தின நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும். நோய் வந்தவர்களிடம் அதிகமாகவும் வராதவர்களிடம் குறைவாகவும் இருப்பது எது என்று தேடுவோம். அதற்கு ரிஸ்க் ஃபேக்டர் என்று பெயர்.

முதல் நாள் நான் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன். (மெஸ் ராஜ்மாவையே தின்று கிடந்தவன் வேறென்ன செய்வான்?) ராஜம் அத்தை கதவைத் திறந்து, "யாருல, நம்ம ஊருப் பேச்சால்லா இருக்கு?" என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். சொந்த அத்தை இல்லை. திருநெல்வேலிக்காரி, அது போதாதா? வடை, அப்பளம், மோர்மிளகாய் என்று இலை நிரம்பியது. மற்ற வீடுகளிலும் இதே உபசாரம்தான். மறுநாள் எல்லாவற்றையும் பொறுப்பாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

கரோல் பாக் தமிழர்களுக்குத் தினமும் தீபாவளியா என்று எங்கள் குழுவின் தலைவி, டாக்டர் மேடம் கேட்டார். கொதிப்பு உள்ளவர், இல்லாதவர் எல்லோருமே அப்பளமாகத் தின்றிருந்தார்கள். தகவல் சுத்தமானது, நானே உடனிருந்து சாப்பிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அச்சா," என்றார் மேடம். "அப்படியானால் எல்லா வீட்டுக்கும் பொதுவான ரிஸ்க் ஃபேக்டர் நீதான்."

எல்லா வீட்டுக்கும் மறுபடி போக உத்தரவு. எங்காவது கை நனைத்தால் வேலை போய்விடும்.

இந்த முறை முந்தின நாள் தலைகாட்டாமல் நேராக அத்தை வீட்டுக்குப் போய், நேற்று என்ன சாப்பாடு என்று கேட்டேன்.

"மோருஞ்சோறும் நார்த்தங்காயும்தான். பிள்ளைய அமெரிக்காவுக்கு அனுப்பிட்டு, ரெண்டு கெழடுகளுக்கு என்னத்தப் பொரிக்க? நீ வந்தாத்தாம்ல இங்க எண்ணெய்ச் சட்டி ஏறும். உக்காரு."

நான் உட்காரவில்லை. வேலை தப்பித்தது. அத்தை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது இன்னும் என்னை விடவில்லை. வேலை நிரந்தரமானதும் ஓடினேன். வீட்டைக் காலி செய்து மகனிடம் போய்விட்டிருந்தார்கள்.

இப்போது கொதிப்பு எனக்கே வந்துவிட்டது. வீட்டில் விருந்தாளிகளுக்கு மட்டும்தான் அப்பளம். வாசனை பிடித்து நான் எட்டிப் பார்த்தால், டெல்லியிலேயே பிறந்த என் மகள் குரல் கொடுப்பாள்: "மம்மி, ஜல்தி மூடு, ரிஸ்க் ஃபேக்டர் வருது."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். எனக்கென்று ஒருவர் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றி எத்தனை காலமாயிற்று என்று மட்டும் அவளிடம் சொன்னதில்லை.