அடியில் இருந்த லோடு

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், லோடு அண்ணனைப் போல ஆளை அலுக்க வைக்கும் இன்னொரு பிறவி கிடைக்காது. மாமல்லபுரத்தில் செதுக்கும் கற்சிலைகளை மினி லாரியில் ஏற்றிப்போய் ஊர் ஊராக இறக்குவது அவர் தொழில். காலையில் எதிரே பார்த்தால் “நாஸ்தா எறக்கியாச்சா?” என்பார். பேரன் பிறந்த சேதியையே “நல்லபடியா எறக்கியாச்சு” என்றுதான் ஊருக்குச் சொன்னார்.

அப்போது நான் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் கர்வம் கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு. ஊரே பாட்டு ஏற்றிக்கொள்ள வரும் கடைக்கு, இவர் மட்டும் பாட்டை இறக்க வந்தார். கையில் ரப்பர் பேண்டு சுற்றிய, தீப்பெட்டி அளவு எம்.பி.3 பிளேயர்.

“பாப்பா, இது சாவப் போவுது. உள்ள கீறதெல்லாம் உன் பொட்டில எறக்கிக் குடு. அதுல என் சம்சாரம் பேசனது ஒண்ணு கீது. தொண்டை ஆப்பரேசனுக்கு அப்பால அதுக்குக் கொரலே இல்ல. தோ, வண்டியில குந்திகினு கீது பாரு.”

“அப்ப அதை முதல்ல எடுத்துடறேண்ணா.”

அலறிவிட்டார். “ஐயய்யோ! அது வாங்கன அன்னிக்கே ஏத்தனது. அடியில கீது. மேல் லோடை எறக்காம அடியில உருவுனா சரிஞ்சுடும்!”

“இது கல்லு இல்லண்ணா.”

“எந்த லோடா இருந்தா இன்னா? கடைசியா ஏத்தனதுதான் மொதல்ல எறங்கணும். படிச்ச பொண்ணு, இது தெரியலியே!”

படித்த பெண் மேல் லோடிலிருந்தே இறக்க ஆரம்பித்தாள்.

இறக்கிய ஒவ்வொரு பாட்டையும் அவர் முழுசாகக் கேட்டார். “சேதாரம் ஆயிருந்தா?” காதல், சோகம், பக்தி, மறுபடியும் சோகம். நடுநடுவே பிளேயர் மூச்சை நிறுத்தும். ஒயரை வளைத்துப் பிடித்தால் கண் திறக்கும். என் மதியச் சோறு டப்பாவிலேயே ஆறிப்போனது.

“அண்ணா, ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்.”

அவர் படியிறங்கியதும் அடியில் இருந்ததை உருவினேன். ஒன்றும் சரியவில்லை.

டீயோடு வந்தவர் மிச்சப் பாட்டுகளுக்கும் சம்மணம் போட்டார். இன்னும் சில பாட்டுகள் இருக்கும்போதே பிளேயர் அணைந்தது. ஒயரை எப்படி வளைத்தும் பலனில்லை.

“போச்சா?” என்றார். ஊரையே அதட்டும் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வருமென்று நான் நினைத்ததில்லை.

ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பினேன்.

“யோவ், இன்னாத்த நோண்டிகினு கீற? சோறு ஆறுது, கண்ணு தெரில? அந்தப் பொட்டியையே கட்டிகினு அழு!”

மினி லாரியிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. வாசலில் நின்று தன் குரலைக் கடைசி வரை கேட்டார். பிறகு நேரே வந்து அண்ணன் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அடியில கீறத எப்டிம்மா உருவுன? சரியலியா?”

“முட்டுக் குடுத்துட்டுத்தாண்ணா உருவினேன்.”

“அப்டி சொல்லு! இப்பதான் நீ படிச்ச பொண்ணு.”

அதற்குப் பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தத் திட்டைத்தான் முதலில் ஏற்றுகிறேன். அடியில் பத்திரமாக இருக்கட்டும்.